நெல் விளைந்த தெரு

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு முந்தைய காலம். கலெக்டர் விழுப்புரத்தில் இருந்தார். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். செய்தியை எழுதி, பிலிம் சுருளோடு கவரில் போட்டு, சாயங்காலம் கிளம்பும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். காலையில் அது அச்சாகி அதே வழியாகத் திரும்பி வரும். மழைக்காலத்தில் நான் அப்படி அனுப்பிய படங்களில் பாதி, ரோட்டில் நாற்று நடும் படங்கள்.

தெரு சேறானால் முதலில் மனு கொடுப்பார்கள். மனுவுக்கு ஒன்றும் நடக்காவிட்டால் நாற்று நடுவார்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. நிருபர் வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். ஒரு முடி, அதாவது ஒரு கட்டு நாற்று, போதும். நாலைந்து பெண்கள் குனிந்து பத்துக் குத்து நட வேண்டும். பின்னால் ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு கேமராவை முறைக்க வேண்டும். படம் எடுத்ததும் எல்லோரும் கால் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம். நாற்று அன்றைக்கே ஆட்டுக்கோ சைக்கிளுக்கோ போய்விடும். யாரும் அதைத் தேடுவதில்லை. நான் பார்த்தவரை இந்த முறை ஒரே ஒரு தெருவில்தான் மீறப்பட்டது.

கச்சிராயபாளையம் போகும் சாலையிலிருந்து பிரிகிற தெரு அது. எந்தப் பேரூராட்சி என்பது இங்கே வேண்டாம். தெருவின் முன்பாதி பள்ளம், களிமண். பின்பாதி சற்று மேடு. குடியிருப்பவர்கள் எல்லோரும் நடவு, களை, அறுப்பு, கரும்பு வெட்டு என்று கூலிக்குப் போகிறவர்கள். வார்டு உறுப்பினரும் அப்படித்தான். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. வேறு சில வார்டுகளில் மனைவி ஜெயித்தால் கணவர் கூட்டத்துக்குப் போவது வழக்கமாக இருந்தது. இவருடைய கணவரும் ஒருமுறை போய்ப் பார்த்தார். அங்கே உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று நின்றுவிட்டார். பிறகு அந்த அம்மாவே போனார். நடவுக்கு ஆள் சேர்த்து வயலுக்குக் கூட்டிப் போகிறவர் அவர்தான் என்பதால் கூட்டத்தைச் சமாளிப்பது அவருக்குப் புதிதல்ல. தெருவில் அவரை மெம்பரம்மா என்றார்கள், வயலில் யக்கா என்றார்கள்.

அவருக்கு அந்த ரோடு ஓட்டுக்காக மட்டும் தேவைப்படவில்லை. ஐப்பசி முதல் மழையில் உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வாடகைக் காரில் வந்தது. கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கி நடந்தார். பாதி வழியில் இடது கால் செருப்பைச் சேறு பிடித்துக்கொண்டது. மெம்பரம்மா முழங்கை வரை விட்டுத் தேடியும் அது கிடைக்கவில்லை. பெண்ணைப் பிடித்திருந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவரையொருவர் நன்றாகவே பிடித்திருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, காப்பியை முடித்துவிட்டு, மரியாதை குறையாமல் ஒரு வார்த்தை சொல்லிப் போனார். அதை மெம்பரம்மா என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டினார்.

"காரு வாசல் வரிக்கும் வந்தா மேல பேசலாங்க. இல்லன்னா புள்ளைக்கி வேற எடம் பாக்க வேண்டியதுதான்."

மெம்பரம்மா அடுத்த பேரூராட்சிக் கூட்டத்தில் ரோடு கேட்டார். நிதி இல்லை என்றார்கள். அதற்கடுத்த வாரம், தான் உறுப்பினராக இருக்கும் பேரூராட்சியைக் கண்டித்துத் தானே போராட்டம் அறிவித்தார்.

நான் போனபோது பக்கத்து நிலக்காரர் ஒருவர், தன் நடவு முடிந்து மிஞ்சிய நாற்றை ஒரு டயர் வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஒரு முடி அல்ல, ஒரு வண்டி. பத்துக் குத்து போதும், வெளிச்சம் போவதற்குள் படம் எடுத்துவிடுகிறேன் என்றேன். பெண்கள் சேற்றில் இறங்கினார்கள். இறங்கியதும் குனியவில்லை. தரை மேடும் பள்ளமுமாக இருப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒருத்தி வீட்டுக்குப் போய் ஒரு பலகையும் கயிறும் கொண்டுவந்தாள். இரண்டு பேர் அதை இழுத்துச் சேற்றைச் சமன் செய்தார்கள். என் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. பஸ் எனக்காக நிற்காது.

பிறகு நட்டார்கள். நான் படம் எடுத்து முடித்தேன். அவர்கள் நிமிரவில்லை. ஒரு வரிசையைப் பாதியில் விட்டு எழுவது அவர்களால் முடியவில்லை. வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை ஆரம்பித்திருந்தது. பையன்களை விட்டு நடச் சொன்ன ஒரு மூலையில் நாற்று கோணலாக இருந்தது. மெம்பரம்மா அதை மொத்தமாகப் பிடுங்கி நேராக நட்டார். பேப்பரில் வரப்போகிறது, பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று கேட்டார். அந்த மூலை படத்திலேயே இல்லை என்று நான் சொன்னேன். அது அவர் காதில் விழவில்லை. களிமண் முடியும் இடம் வரை, ஓரத்தில் நடப்பதற்கு ஒரு வரப்பு மட்டும் விட்டு, தெருவின் முன்பாதி முழுவதையும் நட்டுவிட்டுத்தான் கரையேறினார்கள். கண்டன கோஷம் போட மறந்துவிட்டார்கள். நான் செய்தியில் "கோஷமிட்டனர்" என்று எழுதியிருந்தேன். கவரை ஒட்டியாகிவிட்டது.

படம் நன்றாக வந்தது. அதுதான் சிக்கல். மாவட்டப் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்குப் போட்டார்கள். விழுப்புரத்திலிருந்து யாரோ பேரூராட்சிக்குப் போன் செய்தார்கள். இல்லாத நிதி எங்கிருந்தோ வந்து, சிமென்ட் ரோட்டுக்கு அனுமதி கிடைத்தது. பொங்கல் கழித்து வேலை தொடங்கும் என்று அறிவித்தார்கள். மெம்பரம்மா உளுந்தூர்பேட்டைக்குச் சொல்லி அனுப்பினார். அங்கிருந்து, ரோடு முடிந்ததும் சொல்லுங்கள், வருகிறோம் என்று பதில் வந்தது.

அதுவரை நாற்றுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. செய்யவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நாற்று பச்சை பிடித்தது. மழை நின்ற பிறகும் வீடுகளின் குளியல் தண்ணீரும் தெருக்குழாயில் வழிந்த தண்ணீரும் அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்தன. நான் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது இரண்டு பெண்கள் போகிற போக்கில் குனிந்து களை பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்தேன். யாரோ ஒருவர் உரம் வீசியிருந்தார். யார் என்று கேட்டேன், மேலே வானத்தைக் காட்டினார்கள். தெருவின் ஆடுகள் எல்லாம் முளைக்குச்சியில் இருந்தன. ஒரு ஆடு அவிழ்த்துக்கொண்டு போய் ஒரு வரிசையை மேய்ந்ததற்காக இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்தியிருந்தன. பைக்கில் வந்தவர்கள் முனையிலேயே இறங்கி வரப்பில் தள்ளிக்கொண்டு போனார்கள். சேற்றில் ஓட்டியவர்கள் பயிரில் ஓட்டவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் என் நண்பர். ரோட்டுப் புறம்போக்கில் சாகுபடி நடக்கிறது, விதிப்படி ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றார். யாருக்கு என்று கேட்டேன். அதைத்தான் யோசிக்கிறேன் என்றார். அறுவடை வரை யோசித்தார்.

தை பாதியில் ஒப்பந்தக்காரர் ஒரு ஜேசிபி வண்டியோடு தெருமுனையில் வந்து இறங்கினார். கூடவே பேரூராட்சியின் பொறியாளர். மெம்பரம்மா அன்று வேலைக்குப் போகாமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றார். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். நான் கேமராவோடு வரப்பில் நின்றேன். வண்டி கிளம்பவில்லை.

வண்டி ஓட்டுபவர் கல்வராயன் மலைக்காரர், வெள்ளிமலைப் பக்கம். மலையில் சொந்தமாகச் சாமையும் கேழ்வரகும் வைத்திருப்பவர். அவர் என்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதில் நான் ஏற்ற மாட்டேன் என்றார். மண்ணைத் தள்ளச் சொன்னால் தள்ளுவேன், கதிர் பிடித்த பயிரில் இரும்பை வைக்கச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள் என்றார். ஒப்பந்தக்காரர் அவரைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒப்பந்தக்காரரும் ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தார். அவர் வடக்கனந்தல் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர். இன்னும் இருபது நாள் ஆகுமே என்று பொறியாளரிடம் சொன்னார். பொறியாளர், தன் அப்பாவும் விவசாயிதான் என்று, யாரும் கேட்காமலேயே சொன்னார். ஒரு சின்ன அரசாங்கமே அங்கே நின்று கதிரைப் பாராட்டிக்கொண்டிருந்தது. என்ன ரகம் என்று விசாரித்தார்கள்.

அந்த இடத்தில் பயிர் அழிய வேண்டும் என்று நினைத்தவர் மெம்பரம்மா ஒருவர்தான்.

பொறியாளர் நிலைமையை விளக்கினார். இங்கே வேலை தொடங்காவிட்டால் வண்டி நாளைக்கே மலைக்குப் போய்விடும். அங்கே வேறொரு ரோட்டு வேலை காத்திருக்கிறது. அது முடிந்து எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. மார்ச் முடிந்தால் நிதி திரும்பிப் போய்விடும். மெம்பரம்மா நடவுப் பெண்களைப் பார்த்து, போய் அரிவாள் எடுத்து வாருங்கள், இப்போதே அறுத்துவிடலாம், மாட்டுக்காவது ஆகும் என்றார். ஒருத்தியும் நகரவில்லை. கூட்டத்தில் வாய் நீளமானவள் ஒருத்தி இருந்தாள். கருத்து மெலிந்தவள், எப்போதும் வெற்றிலை போட்டிருப்பாள். அவள்தான் பேசினாள்.

"பாலு புடிச்சிக்கினு கீதுக்கா. இதுல அறுவா வெச்சா கை வெளங்குமா?"

"எம் பொண்ணு கல்யாணம் நின்னுபூடும்டி."

"நிக்கட்டும். கதிரு வெளையறது நிக்காது."

மெம்பரம்மா வீட்டுக்குப் போனார். அரிவாளோடு வந்தார். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தனியாக இறங்கினார். யாரும் தடுக்கவில்லை, யாரும் உதவவும் இல்லை. முதல் குத்தை இடது கையால் வளைத்துப் பிடித்தார். அரிவாளை வைக்கவில்லை. ஒரு கதிரிலிருந்து ஒரு மணியை உருவிப் பல்லில் வைத்துக் கடித்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளையாகப் பால் உதட்டில் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பிடித்திருந்த குத்தை விட்டுவிட்டார்.

"எட்த்துக்கினு போங்க வண்டிய," என்றார் ஒப்பந்தக்காரரிடம். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "எல்லாம் உங்களாலதாண்டி. கோணலா நட்டிருந்தா அப்பவே செத்திருக்கும்."

"கோணலா நட்டதெ புட்ங்கி நேரா நட்டது ஆருக்கா?" என்றாள் வெற்றிலைக்காரி.

மெம்பரம்மா அரிவாளை அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜேசிபி பின்னால் எடுத்துத் திரும்பியது. தெருமுனையில் இருந்த ஒரு முருங்கை மரத்தை ஒடித்துவிட்டுப் போனது. அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் அன்று அனுப்பிய செய்தி வரவில்லை. செய்தி ஆசிரியர் போனில் கூப்பிட்டு, ரோடு கேட்டவர்களே ரோடு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் என்றார். பால் பிடித்திருந்தது என்றேன். லைன் சரியில்லை போலிருக்கிறது என்று வைத்துவிட்டார்.

மாசி தொடக்கத்தில் அறுத்தார்கள். எங்கள் பக்கத்தில் வயலில் விளைந்த கதிரைக் கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பி, லாரி பஸ்களை அதன்மேல் ஓடவிட்டு நெல் உதிர்ப்பார்கள். அதைக் கண்டித்து நான் வருஷத்துக்கு ஒரு செய்தி எழுதுவேன். இந்தத் தெருவில் மட்டும் ரோட்டில் விளைந்த கதிரை வயலுக்குக் கொண்டுபோய் அடித்தார்கள்.

நெல் யாருக்கு என்ற கேள்வி அதன் பிறகுதான் வந்தது. நாற்று கொடுத்த நிலக்காரர் தனக்கு வைக்கோல் வேண்டும் என்றார். பேரூராட்சியின் செயல் அலுவலர், ரோட்டோரப் புளியமரங்களை வருஷா வருஷம் ஏலம் விடுவதைச் சுட்டிக்காட்டி, ரோட்டில் விளைந்தது பேரூராட்சிக்குச் சொந்தம் என்றார். புளியமரம் ரோட்டோரத்தில் நிற்கிறது, இது ரோட்டிலேயே நின்றது, இரண்டும் ஒன்றா என்று ஒரு உறுப்பினர் சந்தேகம் கிளப்பினார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்பது என்று முடிவானது. பதில் வருவதற்குள் நெல்லை அவித்து, அரைத்து, தெரு மாரியம்மனுக்குப் பொங்கலிட்டு, மிச்சத்தைப் பகிர்ந்து சாப்பிட்டும் விட்டார்கள். செயல் அலுவலருக்கும் ஒரு தூக்குச் சட்டியில் பொங்கல் போனது. அவர் அதைப் பெற்றுக்கொண்டார். பதிலை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன்.

மெம்பரம்மா அந்தப் பொங்கலைச் சாப்பிடவில்லை. உளுந்தூர்பேட்டைக்காரர்கள் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. தியாகதுருகத்தில் ஒரு பெண்ணாம். தெரு தார் ரோடாம்.

மலை வேலை பாதியில் நின்றதுதான் மெம்பரம்மாவைக் காப்பாற்றியது. காட்டு வழியாக ரோடு போட வனத்துறை அனுமதி வேண்டுமாம். அது வரவில்லை. ஒப்பந்தக்காரரின் வண்டியும் ஆட்களும் சும்மா நிற்க, மார்ச் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவர் கீழே இறங்கி இந்தத் தெருவுக்கு வந்தார். அதே மலைக்கார டிரைவர். இந்த முறை தரையில் அறுத்த பயிரின் அடித்தாளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவர் தயங்காமல் ஏற்றினார்.

ஆனால் பொறியாளர் தயங்கினார். இப்படி நெல் விளைகிற மண்ணின் மேல் நேராக சிமென்ட் போட்டால் ஒரே மழையில் உட்கார்ந்துவிடும் என்றார். அவர் கண்ணால் பார்த்த விளைச்சல். கிராவல் கொட்டித் தரையை நன்றாக உயர்த்தச் சொன்னார். லாரி லாரியாகக் கொட்டினார்கள். ராத்திரியும் வேலை நடந்தது. மார்ச் முடிவதற்குள் ரோடு தயாராகிவிட்டது. வெளுப்பாக, அகலமாக, உயரமாக இருந்தது. மெம்பரம்மா தினமும் அதில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை செருப்பில்லாமல் நடந்து பார்த்தார்.

உளுந்தூர்பேட்டைக் கார் சித்திரையில் வந்தது. வாசலில் வந்து நின்றது. தியாகதுருகத்துப் பெண்ணை மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று அவன் அம்மா சொன்னார். ரோடு வரட்டும் என்று பையன் காத்திருந்தான் என்று அந்தக் காரின் டிரைவர் என்னிடம் தனியாகச் சொன்னார். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

ஐப்பசியில் மெம்பரம்மா ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். தலை தீபாவளிக்கு மகளும் மருமகனும் காரில் வருகிறார்கள், ரோட்டில் கார் வந்து நிற்பதைப் படம் எடுக்க வேண்டும் என்றார். அது செய்தி ஆகாது என்று தெரிந்தும் போனேன். முந்தின நாள் நல்ல மழை. ரோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லாத் தண்ணீரும் ரோட்டின் உயரத்திலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் இருந்த வீடுகளுக்குள் போயிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் பக்கெட்டால் உள்ளேயிருந்து வெளியே ஊற்றினாள். அது திரும்ப உள்ளே வந்தது. மெம்பரம்மா வீட்டில் கட்டில், அடுப்பு, பலகாரத் தட்டுகள் எல்லாம் செங்கல் மேல் ஏறியிருந்தன.

கார் வந்தது. குலுங்காமல் வந்து வாசலில் நின்றது. மகளும் மருமகனும் இறங்கினார்கள். பின்னாலிருந்து சம்பந்தியம்மாவும் இறங்கினார். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையின் அம்மா வருவது வழக்கமில்லை. காரில் இடம் இருந்தது என்றார். புதுச் செருப்பு போட்டிருந்தார். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் பார்த்தார். மெம்பரம்மா உள்ளே, கணுக்கால் தண்ணீரில், ஆரத்தித் தட்டோடு நின்றார்.

"வாசல் வரிக்கும்னுதான் சொன்னேன்," என்றார் சம்பந்தியம்மா. "வூட்டுக்குள்ள இன்னான்னு கேக்காம வுட்டது எந் தப்பு."

"அட்த்த கூட்டத்துல கால்வா கேக்கறேங்க," என்றார் மெம்பரம்மா.

சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கார் சீட்டின் மேல் பத்திரமாக வைத்துக் கதவைச் சாத்தினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, இன்னொரு பக்கெட் இருக்கிறதா என்று கேட்டார்.